இலை மட்டும் இருந்தால் போதுமா?

பழைய ஏற்பாட்டின் லேவியராகமத்தில் விவசாயிக்கு ஒரு கறாரான சட்டம் உண்டு. பழமரம் நட்டால் முதல் 3 வருஷம் அதன் பழத்தைத் தின்னக்கூடாது. 4-ஆம் வருஷத்துப் பழம் கடவுளுக்கு. 5-ஆம் வருஷம்தான் நட்டவர் வாயில் வைக்கலாம்.

இந்தச் சட்டத்தோடு வளர்ந்த மக்களிடம்தான் இயேசு காய்க்காத அத்திமரத்தின் கதையைச் சொன்னார். லூக்கா 13-ஆம் அதிகாரம். மூன்று வருஷம் வந்து பார்த்து ஏமாந்த உரிமையாளர், மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஒரு வருஷம் தவணை கேட்கிறார். சும்மா கேட்கவில்லை, சுற்றிலும் கொத்தி எரு போடுவதாகப் பொறுப்பேற்கிறார். அத்தியின் வேர் பெரும்பாலும் மேலாகவே படரும். மண் இறுகிவிட்டால் தண்ணீரும் சத்தும் சரியாக இறங்காது. ஆக, அவர் கேட்டது இரக்கம் மட்டுமல்ல, மண்வெட்டி வேலையும்தான்! மன்னிப்பைப் பற்றிப் பேசும் பிரசங்கங்களில் இந்த எரு அவ்வளவாக மணப்பதில்லை.

மாற்கு 11-இல் வரும் அத்திமரம் வேறு ரகம். பஸ்கா சமயம், தூரத்திலிருந்தே தெரியும் பச்சை இலை. இயேசு கிட்டப் போய்ப் பார்த்தால் காயே இல்லை. அது பழக்காலம் அல்ல என்று மாற்கும் எழுதிவைக்கிறார்.

பிறகு இயேசு ஏன் அதில் காய் தேடினார்? அத்திக்கு வருஷத்தில் இரண்டு காய்ப்பு உண்டு. முந்தைய வருஷக் கிளையில் வசந்த காலத்திலேயே இலையோடு சின்னக் காய்கள் தலைகாட்டும். கோடைக் கடைசியில் வருவதுதான் பெரிய விளைச்சல். இயேசு தேடியது அந்த முன்காய்களைத்தான் என்பது வேத விளக்க ஆசிரியர்கள் பலரின் கருத்து.