நகரப் பயணமும் நம் மகளிரும்

(வெள்ளகோவிலில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

சங்கத்தார் இன்று எமக்கு இட்ட பொருள் நகரப் போக்குவரவு என்பது. தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்க்குப் பேருந்தைப் பற்றிப் பேச என்ன உண்டு என்று சிலர் ஐயுறலாம். பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை என்பதை அன்னார் நினைவு கூர்வாராக. வழி கண்டு மீண்ட ஒருவன், வழி அறியாத மற்றொருவனுக்கு, இவ்வழிச் செல்க, இன்ன இடத்து இன்னது கிடைக்கும், இன்ன இடத்து விழிப்பாயிருக்க என்று எடுத்துரைப்பதே ஆற்றுப்படை. மலைபடுகடாம் என்னும் பாட்டு, நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழியிலுள்ள இடர்களை ஒவ்வொன்றாக விரித்துக் கூறுகின்றது. ஆயினும், இடர் உண்டு, ஆதலின் செல்லற்க என்று அஃது ஓரிடத்தும் கூறவில்லை. அக்கூத்தரோடு விறலியரும் வழி நடந்தனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

யாம் பள்ளியில் ஆண்டுதோறும் காணும் காட்சி ஒன்றுண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறிய பெண்ணின் தந்தையாரை, எந்தக் கல்லூரியிற் சேர்க்கப் போகின்றீர் என்று வினவினால், "புள்ளைக்குத் தனியா பஸ் ஏறிப் போகத் தெரியாதுங்க" என்னும் விடையே பல வேளைகளில் வருகின்றது. அடுத்த திங்களில் அப்பெண் விசைத்தறியின் அருகில் நிற்கின்றாள். கணவனை இழந்த மூதாட்டி ஒருத்தி, கோவையிலுள்ள மருத்துவமனைக்குச் செல்ல, மகனுக்கு விடுமுறை வாய்க்கும் ஞாயிற்றுக்கிழமையை எதிர்நோக்கி இருக்கின்றாள். ஞாயிறன்றோ அங்கே மருத்துவர் இரார். திருப்பூரின் பின்னலாடை கடல் கடந்து செல்லும் இந்நாளில், நம் வீட்டுப் பெண் காங்கயம் கடந்து திருப்பூர் செல்ல அஞ்சுவது முறையாகுமா? தெரியாமை அவள் குற்றமன்று; தெரிவியாமை நம் குற்றமாம்.

இனிக் கட்டணத்தைக் காண்போம். அரசின் நகரப் பேருந்து, அரசின் வெளியூர்ப் பேருந்து, தனியார் பேருந்து என வண்டிகள் மூவகைப்படும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம் என்னும் ஏற்பாடு 2021ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மாற்றுத்திறனாளிகட்கும் திருநங்கையர்க்கும் அவ்வாண்டிலேயே அச்சலுகை விரிந்தது. வெளியூர்ப் பேருந்திற்கும் தனியார் பேருந்திற்கும் அவ்வேற்பாடு வகுக்கப்படவில்லை. இவ்வேறுபாடு அறியாது ஏறிப் பின்னர் நடத்துநரோடு சொல்லாடுவோர் பலர். ஏறுமுன் பலகையைப் படித்தல் வேண்டும். ஐயம் உளதாயின் வினவுதல் வேண்டும். கட்டணமின்றிச் செல்வதற்கு நாணுவாரும் உளர். அத்தொகையைக் கழகத்திற்கு ஈடு செய்வது அரசு. அரசின் பொருளோ நாம் செலுத்தும் வரி. ஆதலின் தாய்மார்கள் தலை நிமிர்ந்தே இருக்கையில் அமர்க.

அடுத்தது பயணச்சீட்டு. கட்டணமில்லாச் சீட்டும் சீட்டேயாம். அதனையும் கேட்டுப் பெற்று, இறங்கும் வரை கையில் வைத்திருத்தல் கடன். பரிசோதகர் வந்தால் காட்டுவதற்கும், விபத்து நேரின் நாம் அவ்வண்டியிற் சென்றோம் என்பதற்குச் சான்றாவதற்கும் அதுவே உதவும். இறங்குமிடத்தைத் தெளிவாகச் சொல்லிச் சில்லறையாகக் கொடுப்பது நன்று. ஊர் புதிதாயின், "வந்ததும் சொல்லுங்கண்ணா" என்று நடத்துநரைக் கேட்டு வைப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. இரயிலிற் செல்வோர், முன்பதிவில்லாச் சீட்டைக் கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறலாகாது என்பதை அறிக. சீட்டின்றிச் செல்வார், 1989ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டப்படி, கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் மிகையாகச் செலுத்த நேரும்.

உயர்கல்விக்கும் வேலைக்கான நேர்காணலுக்கும் சென்னை செல்வார் நம்முள் பெருகி வருகின்றனர். ஈரோட்டிலோ திருப்பூரிலோ இரயிலேறிச் சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினால், நிலத்தின் கீழே மெட்ரோ இரயில் நிலையம் உண்டு. 2015ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் ஆலந்தூருக்கும் கோயம்பேட்டிற்கும் இடையே தொடங்கிய அவ்விரயிலின் நீல வழி விமான நிலையத்திற்கும், பச்சை வழி கோயம்பேடு ஊடாகப் பரங்கிமலைக்கும் செல்லும். நுழையுங்கால் சீட்டின் குறியீட்டைக் காட்டினாலன்றிக் கதவு திறவாது, வெளியேறுங்காலும் அவ்வாறே. ஆதலின் உள்ளே புகுந்தவுடன் சீட்டை எறிந்து விடுதல் கூடாது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் இரயில் ஆகிய மூன்றிற்கும் கைப்பேசியிலேயே சீட்டுப் பெறும் 'சென்னை ஒன்' என்னும் செயலி 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் தொடங்கப்பெற்றது. செயலி அறியாதார் நிலையத்தின் சீட்டறையை நாடுக.

பாதுகாப்பைப் பற்றிச் சில சொல்வோம். வண்டி நிற்குமுன் ஏறுதலும் இறங்குதலும் ஆகா. இளைஞர்காள்! படியில் தொங்குதலை வீரம் என்று எண்ணற்க. இறங்கியவுடன் வண்டியின் முன்புறமாகச் சாலையைக் கடக்கற்க; பின்வரும் வண்டிக்கு நீர் தோன்றமாட்டீர். பணப்பையும் கைப்பேசியும் கண்முன் இருத்தல் வேண்டும். மாலையிற் கடைசி வண்டி எப்பொழுது என்பதைக் காலையிலேயே கேட்டறிக. தீயோன் ஒருவன் தொல்லை தரின், பெண் வாய் திறந்து உரக்கக் கூறுதலே தகுதி. அத்தகையோனை வண்டியினின்றும் இறக்கவும் காவலரிடம் ஒப்புவிக்கவும் நடத்துநரைப் பொறுப்பாக்கி, 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பெற்றன. காவல் உதவிக்கு 112, மகளிர் உதவிக்கு 181, இரயிலில் 139 என்னும் எண்களை நம் பெண்கள் மனப்பாடம் செய்தல் வேண்டும். வாய் திறந்தவளைப் பழிக்கும் வழக்கம் நம் வீடுகளில் ஒழிதல் அதனினும் வேண்டும்.

"கண்டவரோடெல்லாம் ஒட்டி உட்கார வேண்டுமே" என்று முணுமுணுக்கும் பெரியோர் இவ்வவையிலும் இருக்கலாம். ஒரு காலத்தில் இந்நாட்டுப் பேருந்துகளில் ஒடுக்கப்பட்டோரை ஏற்ற மறுத்தனர். சற்றேறக்குறைய 1930ஆம் ஆண்டளவில் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்த சௌந்தரபாண்டியனார், அவ்வாறு மறுக்கும் வண்டிகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். சென்னைத் தியாகராய நகரில் அவர் பெயர் தாங்கிய அங்காடி இன்றும் உளது. சீட்டு ஒன்று, கட்டணம் ஒன்று, இருக்கை முன் வந்தவர்க்கு என்பதே பேருந்தின் நீதி. சாதிச் சங்கத்தின் மேடையில் நின்று இதனைக் கூறுவது எமக்குக் கடமையாகத் தோன்றுகின்றது. தன் பெண்ணுக்குப் பாதை திறக்க விழைவோர், அப்பாதையிற் பிறரும் வருவர் என்பதை மகிழ்வோடு ஏற்றல் வேண்டும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் சங்கம் ஆண்டுதோறும் நன்கு தேறிய மாணவியர்க்குப் பரிசளிக்கின்றது, மிக நன்று. பரிசு பெற்ற பெண் கல்லூரி வாயிலை அடையாளாயின் அப்பரிசால் விளையும் பயன் யாது? ஆதலின் வருகின்ற கோடை விடுமுறையில், பத்துப் பத்துப் பெண்களாக, வழியறிந்த தாய்மார் ஒருவர் துணையோடு, திருப்பூருக்கும் கோவைக்கும் சென்று வரச் செய்வோமாக. முதன்முறை துணைவர் அருகில் அமர்க. இரண்டாம் முறை பின்னிருக்கையில் அமர்க. மூன்றாம் முறை வீட்டிலேயே அமர்க. மூதாட்டியரும் விரும்பின் அவ்வாறே பழகுக. செலவு சிறிது, இதனால் நம் வீடுகளில் விளையும் நன்மையோ பெரிது.