மட்டையில் மினுங்கும் பொன்



கல்யாண அழைப்பிதழிலே பிள்ளையார் உருவம் பொன்னாக மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதிலே தங்கம் இல்லை. மெல்லிய பொலியெஸ்டர் தாளில் மஞ்சள் பூச்சும், ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியமும்தான் இருக்கின்றன. அச்சகத்தில் உலோக அச்சைச் சூடாக்கி, அந்தப் பளபளப்பை மட்டையில் அழுத்தி ஒட்டவைக்கிறார்கள்.

இந்தப் பொன்வேலையை இன்று வீட்டிலேயே செய்யலாம்.

வழவழப்பான மட்டையில் உங்கள் படத்தைக் கறுப்பில் லேசர் பிரிண்ட் எடுங்கள். போட்டோக்கொப்பியும் சரிவரும். அந்தக் கறுப்பு, டோனர் என்னும் பிளாஸ்டிக் தூள்; சூட்டில் இளகும். இங்க்ஜெட் மை இளகாது, அதனால் உதவாது. டோனரில் ஒட்டும் பளபளப்புத் தாளான டோனர் ஃபொயிலை, நிறப்பக்கம் மேலே தெரியப் படத்தின்மேல் விரித்து, ஒரு தாளால் மூடி, லமினேற்றிங் மெசினுக்குள் விடுங்கள். மெசின் இல்லையென்றால், நீராவி இல்லாமல் அயன் பொக்ஸால் அழுத்தலாம். நன்றாக ஆறியபின் உரியுங்கள். கறுப்பு இருந்த இடமெல்லாம் பொன்னாகியிருக்கும்.

சூடு படும் வேலை. பிள்ளைகள் செய்யும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருங்கள்.

வருகிற தைப்பொங்கலுக்கு, வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்குக் கைப்பேசிப் படத்தோடு நின்றுவிடாமல், உங்கள் கையால் செய்த வாழ்த்து மட்டை ஒன்றைத் தபாலில் அனுப்புங்கள். அவர்கள் அதைப் பத்திரமாக வைத்திருப்பார்கள்.