பொம்மை ரயில் ஏன் நின்றது?

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஏற்காடு சந்திப்பில் ஆற்றிய உரை)

 

இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்திருக்கிறீர்கள். ரயில் சேலம் ஜங்ஷனோடு நின்றுவிடுகிறது. அதனால் ஏற்காட்டில் நான் ஓட்டுவது மேசைமேல் ஓடும் மாடல் ரயில்தான். "ரிட்டையர் ஆகி பொம்மை வச்சு விளையாடுறாரா?" என்று சிரிக்க வேண்டாம். புனேயில் இதற்காகவே ஜோஷி என்பவர் 1998-இல் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்!

என்னிடம் இருப்பது எச்.ஓ. அளவு. அசலில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். பெரிய மின்சார ரயிலுக்கு 25,000 வோல்ட் மேல்கம்பியில் வந்து, தண்டவாளம் வழியே திரும்புகிறது. நம் மாடலில் 12 வோல்ட் டி.சி. ஒரு தண்டவாளத்தில் வந்து மற்றதில் திரும்புகிறது. கன்ட்ரோலர், வயர், தண்டவாள இணைப்பு, சக்கரம், சக்கரத்தை உரசும் செம்புத் தகடு, கார்பன் பிரஷ், கம்யூடேட்டர் என்று மின்சாரம் பல இடம் தொட்டுத்தான் மோட்டாருக்குப் போகிறது. ஒரு இடம் தொடாவிட்டாலும் வண்டி நின்றுவிடும்.

சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் மழைக்காலத்தில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்துவிடும். இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்கும், பித்தளை கறுக்கும். கோளாறு பெரும்பாலும் இந்தத் தொடும் இடங்களில்தான். ஆனால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது மோட்டாரை!

போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டு பிளஸ் டூ பையன் ஒரு என்ஜினோடு வந்தான். "அங்கிள், மோட்டார் காயில் போயிடுச்சாம். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கணுமாம்" என்றான். மோட்டார் விலையைக் கேட்டுவிட்டு, "பரணில் போட்டுடு" என்று அவன் அப்பா சொல்லிவிட்டாராம். "பொறுப்பா, வரிசையாப் பார்ப்போம்" என்றேன்.

முதலில் அவன் தண்டவாளத்தை என் மேசையில் கோத்து, கன்ட்ரோலரை இணைத்தோம். மீட்டரில் 12 வோல்ட் காட்டியது. இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. இணைப்பு கெட்டிருந்தாலும் 12 காட்டும். இணைப்பில் 10 ஓம் தடை இருக்கிறது, என்ஜின் 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். அங்கேயே 3 வோல்ட் போய்விடும். அதனால் 12 வோல்ட் கார் பல்பு ஒன்றை இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைத்து, ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திப் பார்த்தோம். மங்கினால் அதற்கு முந்தைய இணைப்பில் கோளாறு. எங்கும் மங்கவில்லை.

அடுத்து என்ஜினைக் கவிழ்த்து, சக்கரங்களுக்கு இரண்டு வயரால் நேராக மின்சாரம் கொடுத்தோம். ஓடவில்லை. மேல்மூடியைக் கழற்றி மோட்டார் முனைகளில் கொடுத்தோம். விர்ரென்று ஓடியது! அப்படியானால் கோளாறு சக்கரத்துக்கும் மோட்டாருக்கும் நடுவில்தானே? செம்புத் தகட்டில் பச்சைப் பாசி போல் படிந்திருந்தது. சக்கரத்தைச் சரியாகத் தொடவும் இல்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்து, தகட்டை லேசாக வளைத்தோம். பத்து நிமிஷ வேலை. செலவு என்று எதுவும் இல்லை.

சில எச்சரிக்கைகள். துடைக்கும்போது கரண்டை நிறுத்துங்கள், ஆல்கஹால் தீப்பிடிக்கும். உப்புத்தாள் வேண்டாம், கீறலில் அழுக்கு சேரும். எண்ணெய் ஒரு சொட்டுப் போதும், மிஞ்சினால் கம்யூடேட்டருக்குப் போய்விடும். டிஜிட்டல் மாடலில் டிகோடரைப் பிரிக்காமல் மோட்டாருக்கு நேர் மின்சாரம் கொடுக்காதீர்கள். கன்ட்ரோலரின் 230 வோல்ட் பக்கத்தைத் தெரியாதவர்கள் திறக்கவே கூடாது.

தம்பி, தங்கைகளே, பொம்மைக்கு மட்டும் உரிய பாடம் அல்ல இது. ரயில்வேயில் லோகோ பைலட்டுகளுக்கு 'டிரபுள் ஷூட்டிங் டைரக்டரி' என்ற கையேடு உண்டு. நடுவழியில் வண்டி நின்றால் எதை முதலில், எதைப் பிறகு பார்ப்பது என்று வரிசையாகச் சொல்லும். பின்னால் ஆயிரம் பயணிகள் காத்திருக்கும்போது ஊகத்துக்கு இடமில்லை.

இன்று போர்டையே மாற்றிவிடுவது சுலபம். பழுது எங்கே என்று தெரியாமல் மாற்றினால், அதே பழுது புதிய போர்டையும் கெடுத்துவிடலாம். ஆகவே ஊகிக்காதீர்கள், பாதியாகப் பிரித்து, எந்தப் பாதியில் பழுது என்று சோதியுங்கள். நம் கல்லூரி லேபில் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போன பிறகு சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது.