மெருகும் உறுதியும்



பழைய மோட்டார் வண்டியின் அலுமினியச் சக்கரங்களை வீட்டிலேயே வர்ணம் உரித்து மெருகேற்றுவது எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். படிக்கும் பிள்ளைகளுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நீங்கள் வகுப்பிலே படிக்கும் இரசாயனம் உங்கள் கைக்கு வந்து சேரும் வேலை இது. ஒரு பொருளின் அழகு வேறு, அதன் உறுதி வேறு என்பதையும் இது நன்றாகக் காட்டும்.

முதலில் இந்த உலோகத்தின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். டென்மார்க் தேசத்து விஞ்ஞானி ஏர்ஸ்டெட் என்பவர் 1825-ஆம் ஆண்டில் அலுமினியத்தை முதன் முதலாகப் பிரித்தெடுத்தார். அதன் பின்னரும் அது நெடுநாள் கிடைத்தற்கரிய பொருளாகவே இருந்தது. 1884-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைப்பதற்குச் சுமார் 2.8 கிலோகிராம் எடையுள்ள அலுமினியப் பிரமிடு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் அதன் மதிப்பை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறிற்று. 1886-இல் அமெரிக்காவில் ஹால் என்பவரும், பிரான்சில் ஏரூ என்பவரும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமலே, மின்சாரத்தின் உதவியால் அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தனர். அப்பொழுது இருவரில் எவரும் 23 வயதைத் தாண்டவில்லை. கல்லூரியில் படிக்கும் நேயர்கள் இதனைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். பின்னர் 1924-இல் புகாட்டி என்பவரின் பந்தய வண்டி வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு ஓடிற்று. இன்று தெருவில் போகும் எத்தனையோ வண்டிகளில் அத்தகைய சக்கரங்களைக் காண்கிறோம்.

இச்சக்கரம் தூய அலுமினியம் அன்று. பெரும்பாலும் அதில் சுமார் 7 சதவீதம் சிலிக்கனும், சிறிதளவு மக்னீசியமும் கலந்திருக்கும். வார்த்த பிறகு அதைச் சூடேற்றி, நீரில் தோய்த்து, மீண்டும் இளஞ்சூட்டில் பதப்படுத்துவார்கள். இந்தப் பதத்தினால்தான் அதற்கு வலிமை வருகிறது. ஆகையால் வர்ணத்தை நெருப்பால் பொசுக்கி எடுக்கலாம் என்று எவரேனும் சொன்னால் கேளாதீர்கள். வர்ணம் போகும், அதோடு பதமும் போய்விடும்.

இனி, சக்கரம் ஏன் மங்குகிறது? அலுமினியத்தை எங்கே சுரண்டினாலும் உடனே அதன் மேல் ஆக்சைடுப் படலம் ஒன்று உண்டாகிறது. அதன் தடிப்பு சில நானோமீட்டர்களே. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நானோமீட்டர். இரும்பின் துரு பொருக்காக உதிர்ந்து, அடியில் உள்ள இரும்பையும் காட்டிக்கொடுத்துவிடும். அலுமினியத்தின் படலமோ உதிராமல் ஒட்டிக்கொண்டு உலோகத்தைக் காக்கும். ஆனால் கல் பட்டு வர்ணம் தெறித்த இடத்தில் உப்பு நீர் புகுந்தால், அதிலுள்ள குளோரைடு அக்காவலையும் உடைத்துவிடுகிறது. வர்ணத்தின் அடியில் வெள்ளைத் தூள் பூத்து, அது கொப்புளமாக எழும்புவது இதனால்தான்.

வேலையைத் தொடங்குமுன் டயரைப் பஞ்சர் கடையில் கழற்றிவிட வேண்டும். சக்கரத்தைச் சோப்பு நீரால் கழுவி உலர்த்தி, கடையில் விற்கும் வர்ணம் நீக்கும் களிம்பைப் பூசி, வர்ணம் சுருண்டு எழுந்ததும் மரத்துண்டால் வழிக்க வேண்டும். டைகுளோரோமீத்தேன் கலந்த களிம்பை வாங்காதீர்கள். அதன் ஆவி உடலுக்குள் சென்றால் கார்பன் மோனாக்சைடாக மாறும் தன்மையுள்ளது. அமெரிக்க அரசாங்கம் 2019-இல் அத்தகைய வர்ண நீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்பதைத் தடை செய்தது. வேறு களிம்பாயினும் திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் அணிந்தே செய்ய வேண்டும்.

காஸ்டிக் சோடாவும் கூடாது. அது அலுமினியத்தையே கரைத்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். ஹைட்ரோபுளோரிக் அமிலம் கலந்த சில திரவங்களும் சக்கரம் துலக்க விற்கப்படுகின்றன. அவை தோலில் பட்டால் உடனே வலி தெரியாமல் இருக்கலாம். ஆனால் அமிலம் உள்ளே இறங்கி, உடலின் சுண்ணாம்புச் சத்தைத் தாக்கி உயிருக்கே ஆபத்தை விளைவிக்கும். அவற்றை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

வர்ணம் நீங்கிய உடனே மெருகுக்குப் போகலாகாது. அதற்கு முன் சக்கரத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்து, ஆரங்களின் அடிப்பாகம், நட்டுத் துளைகளின் சுற்றுப்புறம், உட்புற விளிம்பு ஆகிய இடங்களில் விரிசல் உண்டா என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

என் வீட்டுக்கு அடுத்த தெருவில் உள்ள கல்லூரி மாணவன் ஒருவன் தன் தந்தையின் பழைய வண்டிக்கு இவ்வேலையைச் செய்தான். மாலை வேளைகளில் நானும் போய்ப் பார்ப்பதுண்டு. மூன்றாவது சக்கரத்தின் உள்விளிம்பில் மயிரிழை போன்ற கோடு ஒன்று தென்பட்டது. "மெருகு போட்டுவிட்டால் இது தெரியவே தெரியாது, சார்" என்றான். "தெரியாதுதான், தம்பி. ஆனால் அந்த வண்டியில் உன் தாயாரும் தங்கையும் அல்லவா ஏறுவார்கள்?" என்றேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சக்கரத்தைத் தனியே எடுத்து வைத்தான். அதே அளவுள்ள நல்ல சக்கரம் கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று. அதுவரை வண்டி கொட்டகையிலேயே நின்றது. கழித்த சக்கரத்தைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்கும் முன்பு, அவன் வாளெடுத்து அதன் விளிம்பை அறுத்துவிட்டான். "வேறு யாராவது வாங்கி மாட்டிவிடக் கூடாதே, சார்" என்றான். நான் சொல்லிக்கொடுக்காத பாடம் அது. அந்த அலுமினியமும் வீணாகவில்லை. தாதுவிலிருந்து புதிதாக எடுக்கத் தேவைப்படும் சக்தியில் ஏறத்தாழ 5 சதவீதம் இருந்தாலே பழையதை உருக்கி மீண்டும் பயன்படுத்தலாம்.

குற்றமற்ற சக்கரத்தை இனித் தேய்க்கலாம். வாட்டர் பேப்பர் என்னும் நீர்த்தாளில் 320 எண்ணில் தொடங்கி, 400, 600, 800, 1000, 1500, 2000 என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். எண் ஏற ஏறத் தாளின் மணல் நுண்மையாகும். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால், முந்தைய தாளின் கீறல் மறைந்ததா என்பது தெளிவாகத் தெரியும். அது மறையுமுன் அடுத்த தாளுக்குத் தாவினால், கடைசி மெருகில் அக்கீறல் பளிச்சென்று எழுந்து நிற்கும். எப்பொழுதும் நீர் விட்டே தேய்க்க வேண்டும். உலர்ந்த அலுமினியத் தூள் காற்றில் பரவினால் நுரையீரலுக்குத் தீங்கு. பொறி பட்டால் தீயும் பற்றும். நட்டு அமரும் குழிகள், அச்சோடு பொருந்தும் முகம், டயர் அமரும் விளிம்பு ஆகிய மூன்றையும் தேய்க்கக் கூடாது. அங்கே அளவு குறைந்தால் சக்கரம் சரியாக அமராது.

இறுதியில் மெருகுப் பசையைத் துணியில் எடுத்துத் தேய்க்க வேண்டும். துணி கறுத்துவிடும். அதை அழுக்கென்று எண்ணாதீர்கள். மிக நுண்ணிய துகளாகப் பிரிந்த அலுமினியமே நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தோன்றுகிறது. அப்பசைகள் பலவற்றில் தேய்க்கும் பொருளாக இருப்பது அலுமினியத்தின் ஆக்சைடே. மென்மையான உலோகத்தை அதன் ஆக்சைடே மெருகேற்றுவது வியப்பல்லவா?

முகம் தெரியும் அளவுக்குப் பளபளப்பு வந்ததும், நிறமற்ற வார்னிஷ் பூச வேண்டும். அல்லது மெழுகிட்டு, அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, வண்டி செய்தவர் குறித்த அளவுக்கு இறுக்கி, சுமார் 50 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடியும் சோதிக்க வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சில நாள் மாலைப்பொழுதும், அவசரப்படாத கையும், விரிசலைக் கண்டால் செய்த வேலையை விட்டுக்கொடுக்கும் மனமும் இருந்தால் போதும். இவற்றுள் மூன்றாவதுதான் கிடைப்பதற்கு அரியது.