கைக்கு வராத வருமானம்

அண்மையில் பெற்றோர் ஒருவர் எங்களிடம் ஒரு காகிதத்தைக் காட்டினார். "வாத்தியாரே, இந்தக் கம்பெனிக்கு 86.5 கோடி டாலர் வரவிருக்கிறதாம். சேமநிதிப் பணத்தில் பங்கு வாங்கலாம் என்கிறான் மகன். நம்பலாமா?" என்று கேட்டார். அதற்கான விடையை இன்று நாம் சேர்ந்தே பார்ப்போம்.

கனடாவில் 1980ஆம் ஆண்டு தோன்றியது கியூஎன்எக்ஸ். 2010இல் அதனைப் பிளாக்பெர்ரி நிறுவனம் வாங்கியது. மோட்டார் வண்டிக்குள் இருக்கும் சிறு கணினிகளை இயக்கும் மென்பொருளை அது தருகிறது. வண்டிக்கு இவ்வளவு என்று உரிமைத்தொகை பெறுகிறது. இதையே ராயல்டி என்பர்.

இனி வரவேண்டிய உரிமைத்தொகை 2024 பிப்ரவரி முடிவில் ஏறத்தாழ 81.5 கோடி அமெரிக்க டாலர் என்றும், 2025இல் 86.5 கோடி என்றும் முதலீட்டாளர்களுக்கு அந்நிறுவனம் அறிவித்தது. இந்தத் தொகை எப்படி வந்தது? ஒப்பந்த விலையை, வண்டிக் கம்பெனிகள் எதிர்பார்க்கும் எண்ணிக்கையால் பெருக்கி வந்தது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். வண்டிக்கு 5 டாலர், ஆண்டுக்கு 1 லட்சம் வண்டி, 7 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 35 லட்சம் டாலர். ஆண்டுக்கு 60,000 வண்டிகள்தாம் விற்றால்? 21 லட்சமே வரும். ஒப்பந்தம் அதேதான், ஆனால் 14 லட்சம் குறைந்துவிட்டது!

இது நடக்கக்கூடியதே. 2020இல் நோய்த்தொற்றால் வண்டித் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 2021இல் கணினிச் சில்லு கிடைக்காமல் உற்பத்தி குறைந்தது. வண்டி வெளிவராவிட்டால் உரிமைத்தொகையும் இல்லை.

பால்மரக் கன்று நட்டு, ஆறேழு ஆண்டு கழித்துத்தானே வெட்டுகிறோம்? நட்ட அன்றே பால் விற்ற பணத்தைச் செலவுக் கணக்கில் எழுதுவோமா? மழையும் உண்டு, விலைச் சரிவும் உண்டு. மென்பொருளும் அப்படித்தான். ஒப்பந்தமான வண்டி சாலைக்கு வரவே சில ஆண்டுகள் ஆகும்.

ஆகவே, இப்படிப்பட்ட காகிதத்தைக் கண்டால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எண்ணிக்கையைச் சொன்னவர் யார்? எத்தனை ஆண்டுகளுக்கான தொகை? வண்டி விற்காவிட்டாலும் கட்டாயம் வரும் பணம் அதில் எவ்வளவு? முன்பு சொன்ன மதிப்பீட்டில் எவ்வளவு உண்மையில் வந்தது?

மதிப்பீடு பொய்யன்று, ஆனால் அது ரொக்கமும் அன்று. அந்தப் பெற்றோருக்கும் இதையே சொன்னோம். காகிதத்தை மடித்துக்கொண்டு, "மகனிடம் இந்த நான்கையும் கேட்கிறேன், வாத்தியாரே" என்று எழுந்தார். நாமும் கேட்டுப் பழகுவோம்.