எண்ணியவர் யார், எண்ணப்பட்டவர் யார்?

(கும்மிடிப்பூண்டித் தோழர்களிடையே ஆற்றிய உரை)



மக்களை எண்ணுவது எளிய வேலை என்று கருதிவிடாதீர்கள். மந்தையை எண்ணுகிறவன் ஆடுகளின் நலம் கருதியா எண்ணுகிறான்? வெள்ளையர் நம்மை எண்ணத் தொடங்கியதும் அவ்வாறே.

இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் பெரும்பகுதி அந்நாளில் செங்கல்பட்டுச் சீமை. 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்னும் கும்பினிப் பொறியாளர், அச்சீமையின் ஏறத்தாழ 2000 ஊர்களின் வீடுகளையும் நிலங்களையும் மானியங்களையும் கணக்கேற்றினார். விளைச்சலில் யார் யாருக்கு எத்தனை பங்கு என்று தெரிந்தால்தானே தனக்கு எவ்வளவு தேறும் என்று கும்பினி கணக்கிட முடியும்!

பின்னர் 1871 இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் குடிக்கணக்கு. மூன்று கோடியே பன்னிரண்டு இலட்சம் பேரைச் சாதிவாரியாக அடுக்கும் வேலை கார்னிஷ் துரையின் தலையில் விழுந்தது. சாதியின் தோற்றத்தை அறிய வடமொழிச் சாத்திரங்களை நம்புவதற்கில்லை என்று அவரே எழுதினார். எழுதியும் என்ன பயன்? பட்டியலில் முதலிடம் பார்ப்பனருக்கு, கடையிடம் உழைப்பாளிக்கு! 1901 இல் ரிஸ்லி துரை ஒருபடி மேலே சென்று, சமூக மதிப்பின்படி சாதிகளை வரிசைப்படுத்தச் சொன்னார். அவ்வளவுதான், நாடெங்கும் மனுக்கள் குவிந்தன. நாங்கள் க்ஷத்திரியர், நாங்கள் வைசியர் என்று அண்ணனும் தம்பியும் ஏணிப்படிக்குப் போட்டியிட்டனர். ஏணியே வேண்டாம் என்றவர் எத்தனை பேர்?

ஒருவர் சொன்னார். பண்டிதர் அயோத்திதாசர். 1907 இல் தாம் தொடங்கிய இதழின் வாயிலாக, 1911 குடிக்கணக்கில் பிறர் சூட்டிய இழிபெயரை ஏற்காதீர், சாதிபேதமற்ற திராவிடர் என்று பதியுங்கள் என வற்புறுத்தினார். ஆளவந்தோன் நீட்டிய அதே ஏட்டில், ஆளப்பட்டவன் தன் பெயரைத் தானே எழுத முனைந்தான். இது சிறிய செய்தியா?

நம் மாவட்டத்துச் செய்தி இன்னொன்று. 1891 இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர், தாழ்த்தப்பட்டோர் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனையே மிராசுதாரனுடையது, எதிர்த்துப் பேசினால் குடிசை போய்விடும் என்ற உண்மை அரசின் ஏட்டில் ஏறிற்று. 1892 இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது அதன் பின்னரே. அந்த நிலங்களில் எத்தனை இன்று உரியவர் கையில் உள்ளன என்பதை நீங்களே உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள்!

ஆகவே, கணக்கே தீது என்று நாம் சொல்வதற்கில்லை. கணக்கு இல்லாமையும் ஒரு சூழ்ச்சிதான். 1931 க்குப் பின் முழுமையான சாதிக்கணக்கு வெளிவரவில்லை. 1980 இல் மண்டல் குழு, பிற்படுத்தப்பட்டோர் தொகையை அந்தப் பழைய ஏட்டைக் கொண்டே மதிப்பிட வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரல் 30 அன்றுதான் ஒன்றிய அமைச்சரவைக் குழு சாதிக்கணக்குக்கு இசைந்தது. அடுத்து வந்த அறிவிக்கை 2027 மார்ச் முதல் நாளைக் கணக்கு நாளாகக் குறித்தது; தலைகளை எண்ணுவது அதற்கு முந்திய பிப்ரவரியில்.

பிப்ரவரியில் நம் இருளர் குடும்பங்கள் எங்கே இருக்கும்? ஊரிலா? செங்கல் சூளையில்! சூளை மூட்டும் பருவம் அது. ஊரில் கதவு பூட்டிக் கிடக்கும். சூளைக்குக் கணக்கெடுப்பாளர் போனால் முதலாளியின் மேலாள் வாயிலில் நிற்பான். ஒடிசாவிலிருந்து வந்து கல் அறுக்கும் தொழிலாளிக்கும், தொழிற்பேட்டைத் தகரக் கொட்டகையில் பத்துப் பேராய்ப் படுத்துறங்கும் வடநாட்டுத் தம்பிக்கும் இதே நிலைதான். முன்பு எண்ணியே ஒடுக்கினர். இப்போது எண்ணாமல் விட்டும் ஒடுக்கலாம்.

1948 ஆம் ஆண்டின் குடிக்கணக்குச் சட்டத்தின்படி, கணக்கெடுப்பாளரை உள்ளே விட மறுப்பது தண்டனைக்குரிய குற்றம். குடும்பத்தார் சொன்னதைக் காட்டு என்று முதலாளி கேட்கவும் வழியில்லை. அது மறைவாகக் காக்கப்பட வேண்டியது. இதை மேலாளுக்கு அமைதியாகச் சொல்லுங்கள். வீடற்றோரை எண்ணும் இரவில் இரயில் நிலையத் திண்ணைக்கும் பாலத்தடிக்கும் கணக்கெடுப்பாளருடன் வழிகாட்டச் செல்லுங்கள். சாதியை என்னவென்று எழுதுவது என்று அஞ்சி நிற்கும் இருளர் தாய்க்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். அவர் வாய்ச்சொல்லே எழுதப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கிளைச் செயலாளர்களே, உங்கள் எல்லைக்குள் எத்தனை சூளைகள்? ஒவ்வொன்றிலும் எத்தனை குடும்பங்கள்? அடுத்த கூட்டத்திற்கு அந்தப் பட்டியலோடு வாருங்கள்.