கட்டை விரலுக்கு ஒரு கடிதம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



வணிக நிறுவனங்களுக்கு விளம்பர மின்னஞ்சல் வடிவமைத்துத் தருவது என் தொழில். "அதுவும் ஒரு தொழிலா? வந்தவுடனே அழிச்சிடறோமே!" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. ஏன் அழிக்கிறீர்கள் என்பதுதான் இன்று என் பேச்சு.

எழுதுகிறவர் பெரிய திரைக்கு முன்னால் வசதியாக உட்கார்ந்திருக்கிறார். படிக்கிறவரோ பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் 2013-இல், பொது இடங்களில் மக்கள் போனைக் கையாளுவதை 1,333 முறை கவனித்துக் குறித்தார். திரையைத் தொட்டுப் பயன்படுத்தியவர்களில் 49 விழுக்காட்டினர் ஒரே கையில்தான் பிடித்திருந்தனர். ஆக, நம் கடிதத்தின் கதியைத் தீர்மானிப்பது கட்டை விரல்!

அந்த விரலுக்கு ஏற்றபடி எழுத வேண்டும். தலைப்பின் முதல் சில சொற்கள்தான் போனில் தெரியும்; விஷயம் அங்கேயே வரணும். அடுத்து, கடிதத்தின் முதல் வரி. பல போன்களில் அது தலைப்புக்குக் கீழே தெரியும். அந்த அருமையான இடத்தில் "படம் தெரியவில்லையா? இங்கே தொடவும்" என்று போட்டு வீணடிக்கிறார்கள். முழு விளம்பரத்தையும் ஒரே படமாக அனுப்பினால் எழுத்து எறும்பு மாதிரி சுருங்கிவிடும். பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது பயன்படாது. பொத்தான் 44 புள்ளி அளவாவது இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் வழிகாட்டுதல். ஐபோனில் அது சுமார் 7 மில்லிமீட்டர். ஜிமெயிலோ 102 கிலோபைட்டைத் தாண்டிய கடிதத்தின் வாலை வெட்டிவிடும்.

அந்த வாலில்தான் பெரும்பாலும் "இனி அனுப்ப வேண்டாம்" என்ற இணைப்பு இருக்கிறது! மாணவர்களே, இதை மனத்தில் வையுங்கள். நாளை வேலைக்குப் போனால், "அதைக் கண்ணுக்குத் தெரியாம சின்னதா வையுங்கப்பா" என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். வெளியே போக வழி தெரியாதவர் 'ஸ்பேம்' என்று அமுக்கிவிட்டுப் போவார். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்கள் ஒரே தொடுதலில் விலக வழி தர வேண்டும், புகார்கள் ஆயிரத்துக்கு மூன்றை எட்டக்கூடாது என்பது 2024 முதல் விதி. புகார் பெருகினால் விளம்பரம் மட்டுமல்ல, வாடிக்கையாளர் காத்திருக்கும் ரசீதும் குப்பைக்குப் போகலாம். சிறு வியாபாரிக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம்.

"எத்தனை பேர் திறந்தாங்க?" என்ற கணக்கையும் நம்பாதீர்கள். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த அந்தரங்கக் காப்பு வசதியால், படிக்காத கடிதமும் திறந்ததாகவே கணக்கில் ஏறும். எத்தனை பேர் பொத்தானைத் தொட்டார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று பாருங்கள்.

அனுப்பும் முன் ஒரு சோதனை. உங்கள் போனுக்கே அனுப்பி, வெயிலில் நின்று, ஒரு கையால் படியுங்கள். பிறகு வீட்டில் அறுபது வயதைக் கடந்த ஒருவரிடம் கொடுங்கள். அவர் கண்ணாடியைத் தேடாமல் படித்துவிட்டால் கடிதம் தேறிவிட்டது. அடுத்தவர் நேரத்தை மதிப்பதே வியாபாரத்தின் முதல் மரியாதை.